சதவீதம் இருக்கட்டும், பேரேட்டக் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் உங்க பேப்பர்ல, அமெரிக்காவுக்குக் குடிவர்ற தமிழ்க் குடும்பங்க பிள்ளைங்க படிப்ப மனசுல வெச்சு எப்படி ஊர் பாக்கணும்னு ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, கொறை சொல்றதுக்கில்ல. ஆனா நடுவுல ஒரு வரி, 'கிராஜுவேஷன் ரேட் 90க்கு மேல இருக்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டா பாத்துப் போங்க, அதுக்கப்புறம் கவலையில்ல'ன்னு. (கிராஜுவேஷன் ரேட்னா ஹைஸ்கூல் படிப்ப முடிக்கற பிள்ளைங்க சதவீதம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா ஒரு ஏரியாவோட பொதுப் பள்ளிங்கள நடத்தற நிர்வாகம்.) அந்த ஒரு வரி எனக்குத் தொண்டையில மீன் முள்ளு மாதிரி நின்னுக்கிச்சு. அதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க, வேணும்னா வெட்டிப் போட்டுக்கோங்க.

நான் இங்க வந்து பதினாறு வருசம் ஆச்சு. பெரியவ போன வருசம் ஹைஸ்கூல் (இங்க அது ஒன்பதாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும்) முடிச்சா, சின்னவன் இப்ப பத்தாவது. கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டிருந்தேன், அந்தப் புத்தி இன்னும் போகல, யாராவது ஒரு சதவீதத்தச் சொன்னா ஒடனே 'எத்தனையில எத்தன?'ன்னுதான் வாயில வரும், வீட்டுக்காரருக்கே இது ஒரு தலைவலி.

மொதல்ல நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இங்க நிறைய பேர் கொழப்பிக்கிறாங்க. நம்ம ஊர் பிளஸ் டூ ரிசல்ட் மாதிரிதான் இதுவும்னு நெனைக்கிறாங்க. இல்ல. நம்ம ஊர்ல 2025ல 95.03 சதவீதம் தேர்ச்சின்னா, பரீட்சை எழுதினவங்கள்ல அத்தன பேர் பாஸ்னு அர்த்தம். ஒன்பதாவதுலயோ பதினொண்ணுலயோ நின்னு போனவன் அந்தக் கணக்குலயே கெடையாது. சென்டம் ரிசல்ட் காட்டணும்னு சுமாராப் படிக்கிற பசங்க கையில டிசிய குடுத்து அனுப்புற கதையெல்லாம் நமக்குத் தெரியாததா. இங்க கணக்கு வேற. ஒன்பதாம் வகுப்புல மொதல் தடவையா காலெடுத்து வெச்ச அத்தன பிள்ளைங்களையும் ஒரு கூட்டமாக் கட்டி, அதுக்குக் கோஹார்ட்டுன்னு பேரு வெச்சு, நாலு வருசம் கழிச்சு அதுல எத்தன பேர் ரெகுலர் டிப்ளமா, அதாவது பன்னெண்டாவது முடிச்ச சான்றிதழ், வாங்கினாங்கன்னு பாக்கறாங்க. நடுவுல வேற ஸ்கூல்லருந்து வந்து சேந்தவங்களக் கூட்டிக்கணும், வேற ஸ்கூலுக்குப் போனவங்க, நாட்ட விட்டே போனவங்க, எறந்து போனவங்க இவங்களக் கழிச்சுக்கலாம். ஜி.ஈ.டி.ன்னு டிப்ளமாவுக்குப் பதிலா எழுதற ஒரு பரீட்சை இருக்கு, அத எழுதினவன் டிப்ளமா வாங்கினவன்னு கணக்குல வர மாட்டான். பாதியில நின்னவன் கழிக்கப்பட மாட்டான், கீழயே இருப்பான், அதாவது வகுக்கிற எண்ல.

கணக்கு எழுதினவங்களுக்கு இது ஒடனே புரியும். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு, அவ்ளோதான். சரக்கு இருப்புப் பேரேடு மாதிரி. பிள்ளைங்களச் சரக்குன்னு சொல்றதுக்கு மனசு வரல, ஆனா கணக்கு அதேதான்.

இந்த முறை ரொம்பப் பழசும் இல்ல. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுட்டிருந்தது. நார்த் கரோலினா 2003ல 97 சதவீதம்னு காட்டுச்சு. எப்படின்னு பாத்தா, டிப்ளமா வாங்கினவங்கள்ல எத்தன பேர் நாலு வருசத்துக்குள்ள வாங்கினாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க! நின்னு போனவன் மேலயும் இல்ல கீழயும் இல்ல. பந்தியில ஒக்காந்தவங்க கிட்ட மட்டும் 'சாப்டீங்களா'ன்னு கேட்டு ஊரே சாப்ட்டாச்சுன்னு சொல்ற மாதிரி. சில வருசம் கழிச்சு கோஹார்ட் முறையில எண்ணிப் பாத்தப்போ அதே மாநிலம் 70க்குக் கீழ வந்துச்சு. 2005ல கவர்னர்கள்லாம் சேந்து ஒரே மாதிரி கணக்குப் போடுவோம்னு ஒப்பந்தம் போட்டாங்க, 2008ல மத்திய கல்வித்துறை அத விதியாவே கொண்டு வந்துச்சு, 2010-11 வகுப்புலருந்து நாடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அப்ப தேசிய அளவுல 79 சதவீதம், 2021-22ல 87. இதெல்லாம் நல்ல மாத்தம்தான், நான் மறுக்கல. 2015ல வந்த எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ் ஆக்ட் சட்டப்படி ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் வருசா வருசம் ரிப்போர்ட் கார்டு வெளியிடணும், இனவாரியா, வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைங்க தனியா, ஸ்பெஷல் எட் (மாற்றுத்திறனாளிங்களுக்கான படிப்பு) பிள்ளைங்க தனியா, இங்கிலீஷ் கத்துக்கிட்டிருக்கிற பிள்ளைங்க தனியான்னு பிரிச்சுக் காட்டணும். அந்த ரிப்போர்ட் கார்டு பெத்தவங்களுக்குப் புரியற மாதிரி இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் அவங்களுக்குப் புரியற பாஷையில இருக்கணும்னு கூட அதுல எழுதியிருக்கு. முடிஞ்ச வரைக்கும்கிறதுதான் அதுல இருக்கிற சாவி, எல்லாரும் அந்தக் கதவு வழியாத்தான் வெளிய போயிடறாங்க.

சட்டத்துல கொறை இல்ல. ஜனங்க கைக்கு வந்து சேர்றது எதுங்கறதுதான் என் பிரச்சினை.

எங்க டிஸ்ட்ரிக்ட்டுலருந்து எனக்கு என்ன வந்துச்சுன்னு சொல்றேன். ஒரு ஈமெயில். மேல தொப்பி போட்டுக்கிட்டு சிரிக்கிற பிள்ளைங்க படம், அதுக்குக் கீழ பெரிய எழுத்துல ஒரு சதவீதம், ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி, 'வரலாறு காணாத உயர்வு'ன்னு ஒரு வரி, டிஸ்ட்ரிக்ட் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட் கையெழுத்து. மொத்தம் எத்தன பிள்ளைங்க? கெடையாது. இது எந்த வருசத்து வகுப்பு? பொடி எழுத்துல தேடிப் பாத்தா அதுக்கு முந்தின வருசத்துது. என் பொண்ணு வகுப்பு பத்தித்தான் சொல்றாங்கன்னு நெனச்சு நான் அந்த ஈமெயில அம்மாவுக்கு வாட்ஸப்புல அனுப்பி, அவங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பி, அப்புறம்தான் தெரிஞ்சது அதுல என் பொண்ணே இல்லன்னு. கணக்கு முடிச்சு சரிபாக்க நேரமாகும், ஒரு வருசம் பின்னாடி வர்றது பல எடத்துல சகஜம்தான், அத நான் புரிஞ்சுக்கறேன், ஆனா மேலயே ஒரு வரி போட்டிருந்தா என்ன.

அடுத்து டிஸ்ட்ரிக்ட்ட மேற்பார்வை பாக்கற ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்குப் போனேன். இந்த மீட்டிங்குக்கெல்லாம் நம்மாளுங்க ரொம்பப் போறதில்ல, வீடு வாங்கறப்போ ரேட்டிங் பத்துக்கு எத்தனன்னு பாக்கறதோட சரி. ஒரு ஸ்லைடு போட்டாங்க, அஞ்சு வருசத்துக்கு அஞ்சு கம்பம். மொதல் கம்பம் முழங்கால் ஒசரம், கடைசிக் கம்பம் பனைமரம் ஒசரம். என்னடா இப்படி வளந்திருக்கேன்னு எடப்பக்கத்துல இருந்த எண்ணப் பாத்தா அளவு பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கல, 80லருந்து ஆரம்பிக்குது! பூஜ்யத்துலருந்து போட்டிருந்தா அஞ்சு கம்பமும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஒசரமாத்தான் நின்னிருக்கும். அரங்கமே கை தட்டுச்சு. நானும் பாதி தட்டிட்டேன், கை பழக்கம்.

எங்க மாதிரி ஆளுங்களுக்கு மூணு நிமிசம் பேச விடுவாங்க. முன்னாடி ஒரு வெளக்கு இருக்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் எழுதி வெச்சிருந்தத வாசிச்சேன், இந்த சதவீதத்துக்குக் கீழ எத்தன பிள்ளைங்க, நாலு வருசத்துல எத்தன பேர் வந்தாங்க, எத்தன பேர் போனாங்க, போனவங்க எங்க போனாங்கன்னு. மஞ்சள் வெளக்கு வந்தப்பவே முடிச்சிட்டேன். தலைவர் 'நன்றி மேடம்'னாரு, அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. பொதுமக்கள் பேச்சுக்கு அங்கயே பதில் சொல்ற வழக்கம் இல்லன்னு பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா சொன்னாங்க, 'நான் மூணு வருசமாக் கேக்கறேன்'னு அவங்க சேத்துச் சொன்னதுதான் எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

அப்புறம் ரெண்டு சாயங்காலம் ஒக்காந்து மாநிலக் கல்வித்துறை வெப்சைட்டத் தோண்டினேன். இருக்கு சார், எல்லாமே இருக்கு! கோஹார்ட்டுல மொத்தம் எத்தன, டிப்ளமா எத்தன, இன்னும் படிச்சிட்டிருக்கிறவங்க எத்தன, டிராப்-அவுட் எத்தன, ஸ்கூல்வாரியா எக்செல் ஃபைல்ல. ஆனா அது ஆயிரக்கணக்கான வரிசை, தலைப்பெல்லாம் குறியெழுத்து, அந்தக் குறியெழுத்துக்கு அர்த்தம் வேற ஒரு பிடிஎஃப்ல. யாரும் ஒளிச்சு வெக்கலன்னு சொல்லிடலாம், ஆனா கடல்ல கரைச்ச பெருங்காயம்தான். ரெண்டு வேலை பாக்கற ஒரு அம்மா, இங்கிலீஷ் அரைகொறையாத் தெரிஞ்ச ஒரு அப்பா இதத் தேடி எடுப்பாங்களா? எனக்கே வீட்டுக்காரரு ஃபில்டர் போட்டுக் குடுத்தாரு.

ஏன் நான் இந்தக் 'கீழ எத்தன' விசயத்தையே புடிச்சுத் தொங்கறேன்னு கேப்பீங்க. ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். ஒன்பதாவதுல 500 பேர் சேந்தாங்கன்னு வைங்க. வரவு 60. போனவங்க 80. அப்ப கோஹார்ட் 480. டிப்ளமா வாங்கினது 432. சதவீதம் 90. ஈமெயில்ல அம்புக்குறி. சரி, இப்ப அந்த 80 பேர்ல 30 பேர் நெசமா வேற ஸ்கூலுக்குப் போகல, சும்மா நின்னுட்டாங்க, ஆபீஸ்ல 'ட்ரான்ஸ்ஃபர்'னு கோடு, அதாவது குறியெழுத்து, போட்டுட்டாங்கன்னு வைங்க. அப்ப கீழ 510 வரணும். அதே 432 பேர், 84.7 சதவீதம். ஒரு பிள்ளை கூட புதுசாப் படிக்கல, ஒரு பிள்ளை கூட புதுசா நிக்கல, ஆபீஸ்ல ஒரு கட்டத்துல எந்தக் கோடு போடறாங்கங்கறதுல அஞ்சு சதவீதம் ஆடுது. ஆடிட்டர் ஆபீஸ்ல எங்க சார் சொல்வாரு, வரவுல திருடறவன் சின்னத் திருடன், செலவுக் கட்டத்தப் பாரும்மான்னு.

இது ஏதோ நான் சந்தேகப்படற விசயம் இல்ல, நடந்தது. ஹூஸ்டன் டிஸ்ட்ரிக்ட்டத்தான் ஒரு காலத்துல நாட்டுக்கே முன்மாதிரின்னு தூக்கிப் பிடிச்சாங்க, 2003ல மாநில ஆடிட்காரங்க போய் 16 ஸ்கூல் ரெக்கார்டப் பொரட்டிப் பாத்தா, 2000-01ல ஸ்கூல விட்டுப் போன சுமார் 5,500 பிள்ளைங்கள்ல பாதிக்கும் மேல டிராப்-அவுட்டுன்னு எழுதியிருக்கணும், எழுதல. சிகாகோவுல 2015ல இதே மாதிரி, பாதியில நின்னவங்கள ட்ரான்ஸ்ஃபர்னு கோடு போட்டது பத்திரிகைக்காரங்க தோண்டினதுல வெளிய வந்துச்சு, 2014க்கு 69.4ன்னு சொல்லியிருந்தத 66.3ன்னு கொறைச்சாங்க. ஆனா சிகாகோவ நான் ஒரு விசயத்துல பாராட்டுவேன், பழைய வருசத்துக் கணக்கையும் சேத்துத் திருத்தி ஊருக்குச் சொன்னாங்க. கணக்குல தப்பு வரும், மனுசன் போடறதுதானே, அடிச்சுட்டு பக்கத்துல சரியானத எழுதி இனிஷியல் போடறவன நான் நம்புவேன். ஒயிட்னர் தடவறவனத்தான் நம்ப மாட்டேன்.

அது கீழ் எண். மேல் எண், அதாவது டிப்ளமா வாங்கினவங்க எண்ணிக்கை, அதுலயும் வெளையாட்டு உண்டு. வாஷிங்டன் டி.சி.யில பல்லூன்னு ஒரு ஹைஸ்கூல், 2017ல பட்டம் வாங்கின அத்தன பேருக்கும் காலேஜ்ல எடம் கெடச்சிருச்சுன்னு நாடே கொண்டாடிச்சு, டிவி, பேப்பர், எல்லாம். அதே வருசம் நவம்பர்ல ரேடியோக்காரங்க வருகைப் பதிவேட்டப் பாத்தா, பட்டம் வாங்கினவங்கள்ல பாதிப் பேர் மூணு மாசத்துக்கும் மேல காரணம் சொல்லாம ஸ்கூலுக்கே வரல. 2018 ஜனவரியில வந்த ஆடிட்ல, அந்த நகரத்துல மொத்தம் 2,758 பேர் பட்டம் வாங்கினதுல 937 பேருக்கு விதிய மீறிக் குடுத்திருக்குன்னு தெரிஞ்சது. மூணுல ஒரு பங்கு. அலபாமா 2011ல 72 சதவீதத்துல இருந்து 2015ல 89க்கு ஏறிச்சு, 2016 டிசம்பர்ல அவங்களே கணக்கு சரியில்லன்னு ஒத்துக்கிட்டாங்க.

ஏன் இப்படிப் பண்றாங்கன்னா, மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ பிள்ளைங்க டிப்ளமா வாங்காத ஹைஸ்கூல மாநிலம் தனியாப் பட்டியல் போட்டுத் தலையிடணும்னு அதே 2015 சட்டம் சொல்லுது. பிரின்சிபல் மேல பிரஷர், அவரு ஸ்கூல்ல படிப்பு ஆலோசனை சொல்ற கவுன்சிலர் மேல பிரஷர், அவங்க ஃபெயிலாகற பையனக் கூப்பிட்டு கிரெடிட் ரெக்கவரில, அதாவது விட்ட பாடத்தத் திரும்ப முடிக்கற வகுப்புல, ஒக்கார வைப்பாங்க. ஒரு செமஸ்டர் பாடத்தக் கம்ப்யூட்டர்ல கிளிக் பண்ணிக் கிளிக் பண்ணி ரெண்டு வாரத்துல முடிக்கற பசங்க இருக்காங்க, என் பொண்ணு கண்ணால பாத்திருக்கா. கிரெடிட் ரெக்கவரியே தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒடம்பு சரியில்லாம ஒரு டேர்ம் போச்சு, வீட்டுல சாவு, இப்படி விழுந்த பிள்ளையத் தூக்கி விடறதுக்கு அது வேணும். ஆனா இத்தன டிப்ளமாவுல எத்தன அந்த வழியா வந்துச்சுன்னு ஒரு எண்ணு, ஒரே ஒரு எண்ணு, அந்த அம்புக்குறிக்குப் பக்கத்துல போட்டா என்ன கொறைஞ்சு போகும்? நாடு முழுக்க எடுக்கற நேப் தேர்வுல 2024ல பன்னெண்டாவது பசங்க 45 சதவீதம் கணக்குல அடிப்படை நிலைக்கும் கீழ இருந்தாங்க. நேப் அளவுகோல் வேற, டிப்ளமா அளவுகோல் வேற, ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பாக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு எண் ஏறிக்கிட்டே இருக்கறப்போ இன்னொண்ணு ஏறலன்னா, ஏன்னு கேக்கற உரிமை பெத்தவங்களுக்கு இல்லையா?

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நான் ஒருதலையாப் பேசினதா ஆயிடும். இந்த நாலு வருசக் கணக்கு சில ஸ்கூலுக்கு அநியாயமும் பண்ணுது. பதினாறு வயசுல இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாம வந்து எறங்கற பிள்ளை, அஞ்சாவது வருசம் டிப்ளமா வாங்கினா அது சாதனை. ஸ்பெஷல் எட்ல இருக்கிற சில பிள்ளைங்க 21 வயசு வரைக்கும் படிக்கறதுக்கு சட்டத்துலயே எடம் இருக்கு. நாலு வருசக் கணக்குல இவங்கல்லாம் 'வாங்காதவங்க'. அஞ்சு வருச, ஆறு வருசக் கணக்கும் போட்டுக்கலாம்னு விதி இருக்கு, பல மாநிலம் போடுது. ஆனா அந்த எண்ண ஈமெயில்ல நான் ஒரு தடவையும் பாத்ததில்ல. அகதிக் குடும்பங்க நிறைய இருக்கிற ஒரு ஸ்கூல, நம்ம வாட்ஸப் குரூப்புல 'ஐயோ அங்க வீடு வாங்காதீங்க, ரேட் 78தான்'னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. அந்த ஸ்கூல்ல வேலை பாக்கற ஒரு டீச்சர எனக்குத் தெரியும், அவங்க அஞ்சாம் வருசப் பிள்ளைங்களுக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒக்காந்து கட்டுரை திருத்தறாங்க. அந்த ஒழைப்பு 78ல எங்க தெரியும்?

நம்மாளுங்களப் பத்தி ஒண்ணு. 'ஏசியன்'ங்கற வரிசையப் பாத்து நாம குளுந்து போயிடறோம். 2021-22ல தேசிய அளவுல ஏசியன், பசிபிக் தீவுக்காரங்க சேத்து 94, வெள்ளைக்காரங்க 90, ஹிஸ்பானிக் 83, கறுப்பினத்தவர் 81, பூர்வகுடி 74. நம்ம பிள்ளை 94ல இருக்குன்னு நிம்மதி. ஆனா அந்த ஏசியன்கிற ஒரே சட்டிக்குள்ள டாக்டர் வீட்டுப் பிள்ளையும் இருக்கு, முகாம்லருந்து நேரா வந்த பூட்டான் அகதி வீட்டுப் பிள்ளையும் இருக்கு, சாப்ட்வேர் வேலை போயி விசா பதட்டத்துல இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கு. இன்னும் சின்னக் குழுவா இருந்தா எண்ணே வராது, நட்சத்திரக் குறி போட்டுடுவாங்க. பல மாநிலத்துல 10 பேருக்குக் கொறைவா இருந்தா போட மாட்டாங்க, பிள்ளை யாருன்னு அடையாளம் தெரிஞ்சுடும்னு. அது நியாயமான காரணம், நான் சண்டைக்கு வரல. சின்ன ஸ்கூல்ல 50 பேர் இருக்கிற வகுப்புல ஒரு பிள்ளை நின்னா 2 சதவீதம் போயிடும், ஒரு பிள்ளை வந்தா 2 சதவீதம் ஏறிடும், அதுக்கு அம்புக்குறி போட்டுக் கொண்டாடறதும் தப்பு, பிரின்சிபல வறுத்தெடுக்கறதும் தப்பு. மூணு வருசம் சேத்துப் பாத்தாத்தான் அதுல ஏதாவது தெரியும்.

இப்ப அந்தப் பையன் விசயத்துக்கு வரேன். இதச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் பொண்ணு கூடப் படிச்ச பையன், பேரு சொல்ல மாட்டேன். ஒன்பதாவது பத்தாவதுல வாரத்துக்கு ரெண்டு நாள் எங்க வீட்டுச் சமையக்கட்டு மேடையில ரெண்டு பேரும் அல்ஜீப்ரா போடுவாங்க. அவன் பென்சில எப்பவும் கடிச்சுக்கிட்டே இருப்பான், எங்க வீட்டு டிராயர்ல இன்னும் பல்லுத் தடம் பட்ட பென்சில் ஒண்ணு கெடக்கு. பதினொண்ணாவது நடுவுல, ஜனவரி லீவு முடிஞ்சு வரல. வேற மாநிலத்துல மாமா வீட்டுக்குப் போயிட்டான்னு ஒரு பேச்சு, ஆன்லைன் ஸ்கூல்னு இன்னொரு பேச்சு. பொண்ணு ரெண்டு மூணு மெசேஜ் போட்டா, பதில் இல்ல. போன கோடையில கார் டயர் மாத்தப் போனேன், ஒரு பையன் ஜாக்கி போட்டுட்டிருந்தான், நிமிந்து பாத்து 'ஆன்ட்டி'ன்னான். அவனேதான். எப்படிப்பா இருக்கேன்னேன், நல்லாருக்கேன்னான். ஸ்கூலுன்னு வாயெடுத்தேன், 'பாத்துக்கிட்டிருக்கேன் ஆன்ட்டி'ன்னு டயரத் துடைக்க ஆரம்பிச்சுட்டான். நான் அதுக்கு மேல கேக்கல. அவன் வேற மாநிலத்து மாமா வீட்டுல இல்ல, எங்க ஊர்லதான் இருக்கான்ங்கறது மட்டும் தெரிஞ்சது.

அந்த ஈமெயில்ல என் பொண்ணு வகுப்போட சதவீதம் அடுத்து வரும். நல்ல எண்ணாத்தான் இருக்கும், அம்புக்குறியும் இருக்கும். அந்தப் பையன் அதுல கீழ் எண்ல இருக்கானா, இல்ல 'ட்ரான்ஸ்ஃபர்'னு கழிச்சு வெளிய எடுத்துட்டாங்களா? சும்மா கழிச்சிட முடியாது. 2008லருந்தே விதி இருக்கு, வேற ஸ்கூல்ல சேந்தான்னு எழுத்துப்பூர்வமா ஆதாரம் வேணும், பையன் வாய்ல சொன்னான், பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு கழிக்கக் கூடாது. ஸ்கூல் ஆபீஸ்ல ரெஜிஸ்ட்ரார்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்க கையிலதான் இந்தக் கோடு போடற வேலை. எங்க ஸ்கூல்ல இருக்கிற அம்மா தங்கமான மனுசி, நான் போய்க் கேட்டப்போ எந்தப் பிள்ளை பேரும் சொல்லாம எப்படி நடக்குதுன்னு ஒக்கார வெச்சு வெளக்கினாங்க. புது ஸ்கூல்லருந்து ரெக்கார்ட்ஸ் கேட்டு லெட்டர் வரணும், வரலன்னா ஃபோன் போட்டு ஃபோன் போட்டுத் தேடணும், நானும் இன்னொருத்தரும்தான் இருக்கோம், ரெண்டாயிரம் பிள்ளைங்கன்னாங்க. அவங்க மேசை மேல ஒரு அட்டைப்பெட்டி, 'தேட வேண்டியவை'ன்னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருந்துச்சு, உள்ள ஃபைலுங்க நிமிந்து நிக்கற அளவுக்கு நெறஞ்சிருந்துச்சு. அந்தப் பெட்டியில இருக்கிற பிள்ளைங்களப் பத்தி எந்த ஈமெயிலும் எனக்கு வந்ததில்ல.

நான் கேக்கறது பெரிய விசயம் இல்ல சார். அதே ஈமெயில், அதே சிரிக்கிற பிள்ளைங்க படம் இருக்கட்டும், அதுக்குக் கீழ ஒரு சின்ன அட்டவணை. ஒன்பதாவதுல சேந்தது இவ்ளோ, வந்து சேந்தது இவ்ளோ, போனது இவ்ளோ, அதுல எழுத்துல ஆதாரம் இருக்கிறது இவ்ளோ, டிப்ளமா இவ்ளோ, இன்னும் படிக்கறது இவ்ளோ, ஜி.ஈ.டி. இவ்ளோ, நின்னது இவ்ளோ, தெரியாதது இவ்ளோ. 'தெரியாதது'ங்கற அந்தக் கட்டத்தப் போடறதுக்குத்தான் யாருக்கும் மனசு வர மாட்டேங்குது. கணக்குல எங்க சேக்கறதுன்னு தெரியாத தொகைய வெக்கற எடத்துக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டுன்னு பேரு, அது பூஜ்யமா இருந்தாத்தான் எங்க சாருக்குச் சந்தேகம் வரும், கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு முழுசாப் பாப்பாரு. அப்புறம் ஸ்பானிஷ்லயும் வேற ரெண்டு மூணு பாஷையிலயும் அந்த அட்டவணையப் போடுங்க, பத்து வார்த்தைதான், மொழிபெயர்க்க ஒரு மணி நேரம் ஆகாது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். இங்க வர்ற நம்ம ஜனங்க உங்க பேப்பரப் படிச்சுட்டுத்தான் வீடு பாக்கறாங்க, அவங்க அப்பா அம்மா ஊர்லருந்து அத வெட்டி போட்டோ எடுத்து அனுப்பறாங்க. அடுத்த தடவ இந்த மாதிரி ரேட் போடறப்போ எந்த வருச வகுப்பு, எத்தன பிள்ளைங்கள்லன்னு பக்கத்துல போடச் சொல்லுங்க. அஞ்சு வருச ரேட் கெடச்சா அதையும். டிஸ்ட்ரிக்ட் அனுப்பற பிரஸ் நோட்ட அப்படியே போடாதீங்க, அது அவங்க கல்யாணப் பத்திரிகை மாதிரி, மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி இருக்கிற பட்டத்த மட்டும்தான் அச்சடிப்பாங்க.

அடுத்த மாச போர்டு மீட்டிங்குக்கும் பேர் குடுத்திருக்கேன், ஆறாவது ஆளு. இந்தத் தடவ ஒரே ஒரு கேள்விதான் எழுதி வெச்சிருக்கேன், வாசிக்க இருபது செகண்டு ஆகும், வீட்டுல கடிகாரம் வெச்சுப் பாத்துட்டேன். மிச்ச ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டும் அந்தப் பச்சை வெளக்கப் பாத்துக்கிட்டு மைக் முன்னாடியே நிக்கப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை, ரெண்டு பிள்ளைங்களோட அம்மா